மூச்சுக்கும் உண்டு உச்சவரம்பு

1920களின் தொடக்கத்தில், மான்செஸ்டரில் ஒரு பேராசிரியர் முதுகில் பெரிய பையைக் கட்டிக்கொண்டு புல்தரையில் வட்டமடித்து ஓடிக்கொண்டிருந்தார். ஒரு சுற்று சுமார் 85 மீட்டர். வாயில் குழாய், மூக்கில் கிளிப். விடும் மூச்சு வெளியே போகாமல் முதுகுப் பையில் நிறையும். ஓட்டம் முடிந்ததும் பையிலிருக்கும் காற்றை அளந்து, அதில் ஆக்ஸிஜன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அந்தக் குறைதான் உடம்பு எடுத்துக்கொண்ட அளவு. சோதிக்கிறவரும் அவரே, சோதிக்கப்படுகிறவரும் அவரே. பெயர் ஏ.வி. ஹில். தசை சுருங்கும்போது பிறக்கும் வெப்பத்தை ஆராய்ந்ததற்காக 1922ஆம் ஆண்டின் மருத்துவ நோபலை ஜெர்மனியின் ஓட்டோ மேயர்ஹோஃபுடன் பகிர்ந்துகொண்டவர். ஓட்டத்தில் இளமையிலிருந்தே ஆசை உள்ளவர். அந்த ஆசையும் ஆராய்ச்சியும் சந்தித்த இடம் அந்தப் புல்தரை.

வேகத்தைக் கூட்டக் கூட, எடுத்துக்கொள்ளும் ஆக்ஸிஜனும் கூடியது. ஓர் அளவுக்கு மேல் வேகம் கூடினாலும் ஆக்ஸிஜன் கூடவில்லை. ஹில்லின் உடம்பில் அந்த அளவு நிமிடத்துக்கு ஏறக்குறைய 4 லிட்டர். எவ்வளவு பிடிவாதமாக ஓடினாலும் அதற்கு மேல் ஏறாத உச்சவரம்பு ஒன்று மனிதனுக்கு உண்டு என்று 1923இல் ஹார்ட்லி லப்டனோடு சேர்ந்து எழுதினார். இன்று ஜிம்முக்குப் போகிறவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்து ‘விஓ2 மேக்ஸ்’ என்று சொல்வது அதைத்தான்.

அந்தக் கட்டுரைகளில் ஹில் சொன்ன பெரிய விஷயங்கள் இரண்டு. ஒன்று, இந்த உச்சவரம்பு. இன்னொன்று, வரம்பைத் தாண்டி ஓடும்போது தசையில் சேரும் லாக்டிக் அமிலமே மனிதனை நிறுத்துகிறது என்பது. நூறு ஆண்டு கழித்துப் பார்க்கையில் முதலாவது நிற்கிறது, இரண்டாவது தலைகீழாகிவிட்டது. அவர் கேட்காமல் விட்ட மூன்றாவது கேள்விதான் எனக்கு அதிகச் சுவையானது: ஒரு நாளும் பயிற்சி செய்யாத சிலருக்கு அந்த வரம்பு ஏன் அத்தனை உயரத்தில் இருக்கிறது?

லாக்டிக் அமிலத்தின் கதையை முதலில் முடித்துவிடலாம். 1907இல் கேம்பிரிட்ஜில் வால்டர் ஃபிளெட்சரும் ஃபிரடெரிக் ஹாப்கின்ஸும் தவளைத் தசையைக் களைக்கும்வரை தூண்டினார்கள். தசையில் லாக்டிக் அமிலம் சேர்ந்தது. அதே தசையை ஆக்ஸிஜனில் வைத்தபோது அமிலம் மறைந்து, தசை தெளிந்தது. இதிலிருந்து அன்றைய அறிவியல் கட்டிய படம் எளிமையானது: ஆக்ஸிஜன் போதாவிட்டால் அமிலம், அமிலம் சேர்ந்தால் களைப்பு. தசை சுருங்குவதற்கே அந்த அமிலம்தான் காரணம் என்றுகூட நம்பினார்கள். 1930இல் டென்மார்க்கின் ஐனார் லுண்ட்ஸ்கார்ட் ஒரு நஞ்சைக் கொடுத்து அமிலம் பிறப்பதையே தடுத்துப் பார்த்தார். தசை அப்போதும் சுருங்கியது. தன் கோட்டை இடிந்ததை ஹில் மறைக்கவில்லை. தசை உடலியலில் புரட்சி நடந்துவிட்டது என்று அவரே தலைப்பிட்டு எழுதினார். விஞ்ஞானிகளில் இப்படிப்பட்டவர்கள் அப்போதும் அபூர்வம்தான்.

ஆனால் ஆய்வகத்தில் இடிந்தது மைதானத்தில் இடியவில்லை. களைப்பின் கழிவு, கால் வலியின் காரணம் என்ற பழி லாக்டிக் அமிலத்தின்மீது இன்னும் ஐம்பது ஆண்டுகள் நிலைத்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஜார்ஜ் புரூக்ஸ் அணுக்களுக்கு அடையாளமிட்டு அதன் பயணத்தைப் பின்தொடர்ந்தார். ஒரு தசையில் பிறக்கும் லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடம்பில் இருக்கும் வடிவம்) ரத்தத்தில் ஏறிப் பக்கத்துத் தசைக்குப் போகிறது, இதயத்துக்குப் போகிறது, அங்கே எரிபொருளாகிறது. கல்லீரலுக்குப் போய் மறுபடி சர்க்கரையாகிறது. அது தசைகள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் சரக்கு என்று 1980களின் நடுவில் அவர் சொன்னபோது பலர் தலையாட்டவில்லை. இன்று பாடப்புத்தகமே அப்படித்தான் சொல்கிறது. முதல் நாள் ஜிம்முக்குப் போய்விட்டு மறுநாள் படியிறங்க முடியாமல் தவிப்பவரிடம் ‘லாக்டிக் ஆசிட் சார், போகப்போகச் சரியாயிடும்’ என்று பயிற்சியாளர் சொல்வது மட்டும் மாறவில்லை. ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அந்த அளவு பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. மறுநாள் வலி, தசை நார்களில் விழுந்த நுண்ணிய சிராய்ப்பின் வலி.

லாக்டேட் எரிபொருள் என்பதற்கான தடயம் வெகு முன்பே கிடைத்திருந்தது. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் அடித்தளத்தில் 1927இல் ‘களைப்பு ஆய்வகம்’ என்று ஒன்று தொடங்கினார்கள். பெயரே அந்தக் காலத்தைச் சொல்கிறது: தொழிலாளி ஏன் களைக்கிறான் என்று தெரிந்தால் தொழிற்சாலைக்கு லாபம். அங்கே ஓடவந்தவர்களில் ஒருவர் கிளாரன்ஸ் டிமார். அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். பாஸ்டன் மாரத்தானை ஏழு முறை வென்றவர். மற்றவர்கள் மூச்சுமுட்டி நிற்கும் வேகத்தில் அவர் ஓடியபோது அவர் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் பெரிதாக ஏறவே இல்லை. அவர் உடம்பு அதை உண்டாக்கிய வேகத்திலேயே தின்றுகொண்டிருந்தது என்று புரிந்துகொள்ள அன்று வழி இல்லை. 1958இல் அவர் இறந்தபின் உடலைத் திறந்து பார்த்தார்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் சாதாரண மனிதனுடையதைப்போல இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருந்தன. அதே ஆய்வகத்தில் 1930களில் டான் லாஷ் என்ற ஓட்டக்காரர் கிலோவுக்கு நிமிடத்துக்கு 81.5 மி.லி. ஆக்ஸிஜனைத் தொட்டார். பயிற்சியில்லாத இளைஞன் 40 முதல் 50 வரை தொடுவான்.

இவையெல்லாம் வெளியிலிருந்து பார்த்தவை. மூச்சைப் பையில் பிடிக்கலாம், ரத்தத்தை ஊசியில் எடுக்கலாம். ஓடுகிறவனின் தசைக்குள் மட்டும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தசை என்றால் தவளைத் தசைதான். 1962இல் ஸ்டாக்ஹோமின் ஜோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம் பழைய கருவி ஒன்றைத் திருத்தியமைத்து, தொடைத்தசையிலிருந்து அரிசி மணியளவு சதையைக் கொத்தி எடுக்கும் ஊசியைக் கொண்டுவந்தார். நான்கு ஆண்டு கழித்து அவரும் எரிக் ஹல்ட்மனும் ஒரே சைக்கிளின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் மிதித்து ஓய்ந்தார்கள். பிறகு மூன்று நாள் மாவுச்சத்தாகச் சாப்பிட்டார்கள். மிதித்த காலில் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு சும்மா இருந்த காலைப்போல இரண்டு மடங்காகிவிட்டது. ஒரே உடம்பு, ஒரே சாப்பாடு, ஒரே ரத்தம். வேலை செய்த தசை மட்டும் தனக்கென்று சேர்த்துவைத்துக்கொண்டது. மாரத்தானுக்கு முதல் நாள் ஓட்டக்காரர்கள் தட்டு நிறையச் சோறோ பாஸ்தாவோ சாப்பிடுவது இங்கிருந்து வந்த வழக்கம்.

மறு ஆண்டு, 1967இல், செயின்ட் லூயிஸில் ஜான் ஹாலோசி எலிகளை வாரக்கணக்கில் ஓடவிட்டுத் தசையைப் பார்த்தார். ஆக்ஸிஜனை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியா நொதிகளின் திறன் ஏறக்குறைய இரட்டித்திருந்தது. அதுவரை உடற்பயிற்சி என்றால் இதயத்துக்கு என்று இருந்த பேச்சு, தசையின் பக்கம் திரும்பியது. இனி எல்லாம் தசைதான் என்று தோன்றிய காலம் அது.

ஆனால் கணக்கு உதைத்தது. அடுப்பு இரண்டு மடங்கானால் எரிவதும் இரண்டு மடங்காக வேண்டும். சில மாதப் பயிற்சியில் மனிதனின் ஆக்ஸிஜன் உச்சவரம்போ 15, 20 சதவீதம்தான் ஏறுகிறது. மீதி எங்கே போகிறது?

விடை சொன்னது ஒரு முட்டி. 1985இல் கோபன்ஹேகனில் பெங்ட் சால்டினும் பெர் ஆண்டர்சனும் உடம்பு முழுவதையும் ஓய்வாக வைத்து, ஒரு தொடையின் முன்தசையை மட்டும் உதைத்து உதைத்து வேலை வாங்கினார்கள். அந்தச் சின்னத் தசைக்கு கிலோவுக்கு நிமிடத்துக்கு 2.5 லிட்டர் ரத்தம் பாய்ந்தது. யாரும் எதிர்பாராத அளவு. உடம்பிலுள்ள எல்லாத் தசையும் ஒரே நேரத்தில் இப்படிக் கேட்டால் எந்த இதயமும் கொடுக்க முடியாது. கல்யாண வீட்டில் பத்து அடுப்பு மூட்டியிருந்தாலும் வந்த விறகு ஒரு வண்டியென்றால் அந்த ஒரு வண்டிக்குத்தான் சமையல். ஓடுகிற உடம்பின் நிலையும் அதுவே. தசைக்கு எரிக்கத் தெம்பு உண்டு. கொண்டுவந்து சேர்ப்பதில்தான் வரம்பு.

கொண்டுவருவது ரத்தம். ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மி.லி. ஆக்ஸிஜனைச் சுமக்கும். சுமக்கும் ஆளைக் கூட்டினால் வரம்பு ஏறுமா என்று 1972இல் ஸ்டாக்ஹோமில் பியோர்ன் எக்ப்ளோம் பார்த்தார். சில இளைஞர்களிடமிருந்து 800 மி.லி. ரத்தம் எடுத்துச் சிவப்பணுக்களைப் பத்திரப்படுத்தினார். நான்கு வாரத்தில் உடம்பு இழந்ததை ஈடுகட்டியது. பிறகு எடுத்ததைத் திரும்ப ஏற்றினார். ஒரே இரவில் உச்சவரம்பு 9 சதவீதம் ஏறியது. தசையில் ஒரு மாற்றமும் இல்லை, ஒரு நாள் பயிற்சியும் இல்லை. இந்தக் கண்டுபிடிப்பை விளையாட்டு உலகம் எப்படிப் பயன்படுத்திக்கொண்டது என்பது ஊரறிந்த கதை. 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க சைக்கிள் அணியில் சிலர் ரத்தம் ஏற்றிக்கொண்டு ஓட்டினார்கள். தடை அதற்குப் பிறகுதான் வந்தது.

இதைத் தலைகீழாகவும் செய்து பார்த்துவிட்டார்கள். ஸூரிச்சில் கார்ஸ்டன் லுண்ட்பியின் குழு பயிற்சியில்லாதவர்களுக்கு ஆறு வாரம் பயிற்சி கொடுத்தது. உச்சவரம்பு ஏறியது, சிவப்பணு கூடியது, தசையிலும் மாற்றங்கள் தெரிந்தன. பிறகு கூடிய சிவப்பணு அளவுக்கு மட்டும் ரத்தத்தை எடுத்துவிட்டார்கள். ஆறு வார உழைப்பின் பலன், உச்சவரம்பைப் பொறுத்தவரை, பழைய இடத்துக்கே வந்துவிட்டது. 2015இல் வெளியான முடிவு இது.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வரலாம். ஊருக்கு ஒருவன் இப்படி இருப்பான். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவன், மைதானத்தை மிதித்தே வருஷக்கணக்கு ஆகியிருக்கும். போலீஸ் தேர்வு வந்தால் மாதக்கணக்கில் விடிகாலையில் ஓடிப் பழகியவர்களோடு வந்து நின்று, 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்கு வெகு முன்பே முடித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு போவான். ஊரில் இதற்கு விளக்கம் ‘அவன் உடம்பு வாகு அப்படி’ என்பதோடு முடிந்துவிடும். அந்த வாகு எங்கே இருக்கிறது என்று டொரன்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் நார்மன் கிளெட்ஹில், மார்கோ மார்ட்டினோ, வெரோனிகா ஜாம்னிக் மூவரும் தேடினார்கள். சுமார் 1900 இளைஞர்களைச் சோதித்ததில், பயிற்சி என்பதையே அறியாமல் கல்லூரி ஓட்டக்காரர்களுக்கு இணையான உச்சவரம்பு கொண்டவர்களாக ஆறு பேர் தேறினார்கள். அந்த ஆறு பேருக்கும் பொதுவாக இருந்தது ரத்தம். அதன் கொள்ளளவு மற்றவர்களைவிடப் பெரிது. பல ஆண்டு பயிற்சி செய்தவர்களிடம் காணும் அளவு. ரத்தம் நிறைய இருந்தால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் நன்றாக நிரம்பும். நிரம்பிய இதயம் நிறையத் தள்ளும். 2002இல் இது வெளியானது.

இதன் உச்சத்துக்குப் போக பின்லாந்தின் லாப்லாந்துக்குப் போக வேண்டும். ஏரோ மான்டிரான்டா பனிச்சறுக்கு வீரர். 1964 இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்கில் தனிப்போட்டிகளில் இரண்டு தங்கம். 15 கிலோமீட்டரில் இரண்டாம் ஆளுக்கும் அவருக்கும் 40 விநாடி இடைவெளி. மொத்தம் ஏழு ஒலிம்பிக் பதக்கங்கள். சாதாரண ஆணுக்கு ஹீமோகுளோபின் 14 முதல் 17 கிராம். அவருக்கு 20ஐத் தாண்டியிருந்தது. ஏதோ ஏற்றிக்கொள்கிறார் என்று ஊர் பேசியது. பல ஆண்டு கழித்து ஆல்பர்ட் டெ லா ஷப்பெல் என்ற மரபியலாளர் அந்தக் குடும்பத்தையே சோதித்து, 1993இல் காரணத்தைச் சொன்னார். சிவப்பணு உற்பத்திக்கு உத்தரவிடும் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பியில் ஒரு பகுதி வெட்டுண்டிருந்தது. வெட்டுண்ட பகுதி, போதும் நிறுத்து என்று சொல்லும் பகுதி. அது இல்லாததால் உற்பத்தி நிற்காமல் நடந்தது. உறவினர்களில் இன்னும் பலருக்கும் அது இருந்தது.

சந்தேகத்தில் தவறில்லை என்று பிற்காலம் காட்டியது. 1980களின் இறுதியில் அதே ஹார்மோன் மருந்தாகச் சந்தைக்கு வந்தது. சிறுநீரக நோயாளிகளுக்காக வந்தது சைக்கிள் வீரர்களிடம் போய்ச் சேர்ந்தது. மருந்தைக் கண்டுபிடிக்கும் சோதனை 2000 சிட்னி ஒலிம்பிக்குக்குத்தான் தயாரானது. இடையில் 1997இல் சைக்கிள் கூட்டமைப்பு ஒரு குறுக்கு வழி கண்டது: ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் போட்டியில்லை. அந்த விதியை எழுத்துப்படி பார்த்தால், மான்டிரான்டாவின் குடும்பத்தார் பிறந்ததே குற்றம். இன்று ஒவ்வொரு வீரருக்கும் அவருடைய பழைய ரத்தத்தோடே ஒப்பிட்டுப் பார்க்கும் முறை வந்திருக்கிறது. பிறவியில் கூடுதலாக இருப்பவர் இனி தன்னைவிடக் கூடாமல் இருந்தால் போதும். விதிகள் உடலியலிடம் கற்றுக்கொண்ட சில இடங்களில் இது ஒன்று.

பிறவியில் வருவது தொடக்க அளவு மட்டுமல்ல. கிளாட் பூஷார் நடத்திய ‘ஹெரிட்டேஜ்’ குடும்ப ஆய்வு 1999இல் சொன்னது இன்னும் கசப்பானது. உட்கார்ந்தே வாழ்ந்த பெற்றோர், பிள்ளைகள் என்று நூற்றுக்கணக்கானவர்களுக்கு 20 வாரம் ஒரே பயிற்சி. சராசரியாக உச்சவரம்பு நிமிடத்துக்கு 400 மி.லி. அளவுக்கு ஏறியது. ஆனால் சிலருக்கு ஒரு லிட்டர் ஏறியது, சிலருக்கு ஏறவே இல்லை. ஏறிய குடும்பத்தில் பலருக்கும் ஏறியது. ‘உழைச்சா வராதது இல்ல’ என்று மாணவனை விரட்டிய விளையாட்டு ஆசிரியர்களிடம் இந்த எண்களைக் காட்டினால் நம்ப மாட்டார்கள். அவர்களை முழுதாகக் குறை சொல்லவும் முடியாது. உச்சவரம்பு ஏறாதவர்களிலும் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ சீரானவர்கள் உண்டு. ஓட்டத்தின் பலனை ஒரே எண்ணில் அடைத்தது நாம்தான்.

எல்லாம் ரத்தம்தான் என்று இப்போது தோன்றுகிறதா? அதற்கும் ஒரு திருப்பம் இருக்கிறது. லாரன் கோக், ஸ்டீவன் பிரிட்டன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1996 முதல் எலிகளைத் தேர்ந்து தேர்ந்து இனப்பெருக்கம் செய்துவந்தார்கள். பயிற்சியே கொடுக்காமல் ஓடவிட்டு, நன்றாக ஓடுவதை நன்றாக ஓடுவதோடும், சீக்கிரம் களைப்பதைச் சீக்கிரம் களைப்பதோடும் சேர்த்தார்கள். பதினொரு தலைமுறையில் இரண்டு கூட்டத்துக்கும் இடையே ஓட்டத் திறனில் நான்கு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஓடத் தெரியாத கூட்டத்துக்கு ரத்த அழுத்தம், இன்சுலின், கொழுப்பு எல்லாம் ஏறியிருந்தன, வயிறும் பெருத்திருந்தது. ஓடும் கூட்டம் நீண்ட நாள் வாழ்ந்தது. இவ்வளவும் பிறப்பிலேயே; ஓட்டப் பயிற்சியால் அல்ல.

அந்த எலிகளில் வித்தியாசம் முதலில் எங்கே தோன்றியது என்று பார்த்தபோதுதான் வியப்பு. ஏழாம் தலைமுறையில் இதயமும் ரத்த ஓட்டமும் இரு கூட்டத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வந்த ஆக்ஸிஜனைத் தசை உறிஞ்சிக்கொள்ளும் திறனில்தான் ஏற்றத்தாழ்வு. பதினைந்தாம் தலைமுறைக்குள் இதயம் தள்ளும் ரத்தமும் கூடிவிட்டது. தசை முன்னே போக, ரத்தம் பின்னே வந்து சேர்ந்துகொண்டது. தசைக்குள்ளே எரிபொருளைத் தேர்ந்தெடுப்பதும் வேறாக இருந்தது: நன்றாக ஓடும் எலி கொழுப்பையும் சில அமினோ அமிலங்களையும் தாராளமாக எரித்து, கிளைகோஜனைக் கடைசிக்கு மிச்சம் பிடித்தது. களைப்பவைக்குச் சர்க்கரை சீக்கிரம் தீர்ந்தது.

ஆகவே நான் புரிந்துகொண்டது இதுதான். எவ்வளவு உயரம் என்பதைப் பெரும்பாலும் ரத்தம் தீர்மானிக்கிறது. அந்த உயரத்துக்குப் பக்கத்தில் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்பதைத் தசை தீர்மானிக்கிறது. ஹில்லின் பை முதலாவதைத்தான் அளந்தது. இன்றைய கடிகாரம் அதைக்கூட அளப்பதில்லை. நாடித்துடிப்பையும் வேகத்தையும் வைத்து ஊகிக்கிறது.

படுத்துக் கிடந்தால் இந்த இரண்டும் போகும் என்பது ஒரு காலத்தில் மருத்துவருக்கே தெரியாது. மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் கட்டிலைவிட்டு இறங்கவிடாத காலம் அது. 1966இல் டல்லஸில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கவைத்தார்கள். உச்சவரம்பு கால்பங்குக்கு மேல் சரிந்தது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரைக் கூப்பிட்டுச் சோதித்தபோது, முப்பது ஆண்டு முதுமை செய்ததைவிட அந்த மூன்று வாரக் கட்டில் செய்த சேதம் அதிகம் என்று தெரிந்தது. இன்று மாரடைப்பு வந்தவரை ஓரிரு நாளிலேயே எழுப்பி நடக்கவிடுகிறார்கள்.

ஒலிம்பிக் வீரர்களையும் எலிகளையும் விட்டு, இந்த உடலியல் நம் ஆட்களைத் தொட்ட இடம் ஒன்று உண்டு. 1970களில் இலங்கையின் தேயிலை மலைகளுக்கு ரெஜி எட்ஜர்டன், ஜெரால்ட் கார்ட்னர் போன்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இலங்கை மருத்துவர்களோடு சேர்ந்து ஒரு டிரெட்மில்லைக் கொண்டுபோனார்கள். ஏறி நடந்தவர்கள் தோட்டத்துப் பெண்கள். ஹீமோகுளோபின் 6 கிராமை ஒட்டியிருந்தவர்கள் முதல் இயல்பான அளவு இருந்தவர்கள் வரை எல்லோரும் இருந்தார்கள். ரத்தம் குறையக் குறைய நடக்க முடிந்த நேரம் குறைந்தது. அதே சரிவில் அவர்களின் நாடி மற்றவர்களைவிட வேகமாக அடித்தது, லாக்டேட் கூடுதலாக ஏறியது. இந்தப் பெண்கள் தினமும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஏறிய மலை, டிரெட்மில்லைவிடச் செங்குத்து.

அடுத்த கட்டமாகச் சிலருக்கு இரும்புச்சத்து கொடுத்து, அவர்கள் பறித்த கொழுந்தை நிறுத்துப் பார்த்தார்கள். 1979இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த முடிவு: ஹீமோகுளோபின் ஏறியவர்கள் கூடுதலாகப் பறித்தார்கள். மிகக் குறைவாக ரத்தம் இருந்தவர்களிடம் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. வேலை நேரத்துக்கு வெளியிலும் அவர்கள் கூடுதலாக நடமாடினார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு குறைத்துக் காட்டியபோதெல்லாம் அரைப்பேர் என்று அரைநாள் கூலி போட்ட கணக்கப்பிள்ளைமார் அதைச் சோம்பல் என்றே எழுதியிருப்பார்கள். தலைமுறை தலைமுறையாக அந்தச் சொல்லைச் சுமந்தவர்களுக்கு உண்மையில் குறைந்தது ஆக்ஸிஜன் சுமக்கும் கிராம்கள்.

இரும்பு ரத்தத்தில் மட்டும் இருந்தால் கதை இங்கே முடிந்துவிடும். அது தசைக்குள்ளும் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்ஸிஜனை எரிக்கும் புரதங்கள் பலவற்றுக்கு இரும்பு வேண்டும். 1970களிலேயே கிளெமென்ட் ஃபின்ச் இரும்பு குறைந்த எலிகளுக்கு ரத்தம் ஏற்றி ஹீமோகுளோபினைச் சரிசெய்தார். அப்போதும் அவற்றால் ஓட முடியவில்லை. இரும்பைக் கொடுத்த சில நாட்களில் ஓடின. 1982இல் கெல்வின் டேவிஸ், பீட்டர் டால்மன் ஆகியோரின் குழு (லாக்டேட்டைக் காப்பாற்றிய ஜார்ஜ் புரூக்ஸும் இதில் இருந்தார்) இரண்டையும் பிரித்துக் காட்டியது. ரத்தம் தேறியதும் உச்சவரம்பு அதனோடு கூடவே ஏறியது. நெடுநேரம் ஓடும் திறனோ ரத்தத்தோடு சேர்ந்து ஏறவில்லை. மைட்டோகாண்ட்ரியாவின் வேகத்தில்தான் மீண்டது. உயரமும் தாக்குப்பிடிப்பதும் வேறு வேறு கணக்கு என்பதற்கு இதைவிடச் சுத்தமான சான்றை நான் பார்த்ததில்லை.

2019–21இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுவரையான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். வளரிளம் பருவப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நீல நிற இரும்பு மாத்திரை கொடுக்கிறார்கள். 2014இல் வந்த ‘அம்மா உப்பு’ வகைகளில் இரும்பும் அயோடினும் சேர்ந்த உப்பும் ஒன்று. வடக்கு வங்காளத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இந்த வகை இரட்டைச் சத்து உப்பைக் கொடுத்து, அவர்களின் இரும்பு இருப்பு ஏறியதை ஜெரி ஹாஸின் குழு காட்டியிருக்கிறது.

அதே ஹாஸின் குழு 2000ஆம் ஆண்டில், கார்னெல் பல்கலைக்கழகத்தில், வேறொரு வகைப் பெண்களைத் தேடியது. ஹீமோகுளோபின் சரியாக இருக்க வேண்டும், உடம்பின் கையிருப்பு இரும்பு மட்டும் குறைந்திருக்க வேண்டும். பாதிப் பேருக்கு இரும்பு மாத்திரை, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை, எல்லோருக்கும் சைக்கிள் பயிற்சி. ஆறு வாரம் கழித்து 15 கிலோமீட்டர் மிதித்தபோது இரும்பு சாப்பிட்டவர்கள் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். இந்தப் பெண்கள் எந்த ரத்தசோகைக் கணக்கிலும் வர மாட்டார்கள். விரல் நுனியில் குத்தி எடுக்கும் துளி, உங்களுக்கு ஒன்றும் குறையில்லை என்றே சொல்லும். கையிருப்பைத் தெரிந்துகொள்ள ஃபெரிட்டின் பார்க்க வேண்டும். அது தனிச் சோதனை, தனிச் செலவு. ‘ரத்தம் நல்லாத்தான் இருக்கு, ஆனா படியேறினா முடியலை’ என்று சொல்லும் பெண்ணுக்கு அதைப் பார்க்கச் சொல்லும் மருத்துவர் இன்றும் குறைவு.